ஊரா, பேட்டா?

சென்ற மாதம் வில்லியனூரில் மாணவர்களோடு ஒரு சந்திப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றி நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசி முடித்ததும், கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு தங்கை எழுந்தார். "அக்கா, அண்ணா, நீங்க வேலை செய்றதெல்லாம் கிராமத்துல. குடியிருக்கிறது மட்டும் பாண்டியில. ஏன்?" என்றார். அறையில் சிரிப்பு எழுந்தது. "குழந்தையோட ஸ்கூலுக்காகம்மா" என்று சொல்லிச் சமாளித்தோம். அது பொய்யில்லை, ஆனால் பதிலும் இல்லை. வீடு திரும்பும்போது வண்டியில் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அரும்பார்த்தபுரம் பாலம் ஏறி இறங்கும்போதுதான், "அந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா பதில் சொல்லியிருக்கணும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையாட்டினார். இது அந்தப் பதில்.

எங்களில் ஒருவர் பாகூர் கொம்யூன், மற்றவர் வில்லியனூர் கொம்யூன். இரண்டு பேருமே 'பேட்'டில் பிறந்தவர்கள். வெளியூர்த் தோழர்களுக்காக இந்தச் சொல்லை விளக்கிவிடுகிறோம். தமிழ்நாட்டில் காலனி, சேரி என்று சொல்வதைப் புதுச்சேரி கிராமங்களில் 'பேட்' என்பார்கள். ஒரே பெயரில் இரண்டு இடம் இருக்கும். வெறும் பெயர் என்றால் ஊர். பெயரோடு 'பேட்' சேர்ந்தால் நாம். பஸ் நிறுத்தம், வாக்காளர் பட்டியல், அரசாங்கக் கடிதம் எல்லாவற்றிலும் அந்த ஒற்றைச் சொல் ஒட்டிக்கொண்டு வரும். முகவரியே சாதிச் சான்றிதழ்.

ஏழு வருடங்களுக்கு முன் பாண்டியில் வீடு தேடியபோது இதை நன்றாகவே கற்றுக்கொண்டோம். உழவர்கரைப் பக்கம் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய ஒரு மாடி வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், மரியாதையானவர். காபி கொடுத்தார். இருவரும் பட்டமேற்படிப்பு என்றதும் மகிழ்ந்தார். முதல் கேள்வி, "எந்த ஊரு?" பாகூர்ப் பக்கம் என்றோம். இரண்டாவது கேள்வி, "பாகூர்ல எங்க?" கிராமத்தின் பெயரைச் சொன்னோம். "அடடே, எங்க சம்பந்தி வீடு அங்கதானே" என்றார். அந்த நொடியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது கேள்வி வந்தது: "ஊரா, பேட்டா?" கேட்டவிதத்தில் ஒரு கடுமையும் இல்லை. கிழக்கு வாசலா, தெற்கு வாசலா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். பேட் என்றோம். வீட்டைக் காட்டினார், குழாயைத் திறந்து தண்ணீர்கூடக் காட்டினார். மறுநாள் போன் செய்தபோது, மகன் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருவதாகவும் வீடு அவனுக்கு வேண்டும் என்றும் சொன்னார். பலகை இன்னும் இரண்டு மாதம் அங்கேயே தொங்கியது. போகும்போதும் வரும்போதும் பார்த்தோம்.

அப்படி ஒன்பது வீடுகள். பத்தாவது வீட்டுக்காரர் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. அங்கேதான் இத்தனை நாள் இருக்கிறோம்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1955-ம் ஆண்டின் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 4-வது பிரிவில், எந்தப் பகுதியிலும் வீடு கட்டவும் வாங்கவும் குடியிருக்கவும் ஒருவரைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம். ஆனால் காபி கொடுத்து, குழாயைத் திறந்துகாட்டி, வெளிநாட்டு மகனைச் சாக்காகச் சொன்னவர் மீது எதை வைத்துப் புகார் எழுதுவது? சட்டத்தை மேடையில் விளக்கும் நாங்களே அன்று ஒரு வரிகூட எழுதவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் டெல்லி தலைநகர்ப் பகுதியில் வாடகை வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் எப்படித் தட்டிக்கழிக்கப்படுகிறார்கள் என்று ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. நமக்கு நடந்தது நமக்கு மட்டும் நடந்ததில்லை என்ற ஆறுதல்.

சமூகவியல் முதுகலையில் லூயிஸ் விர்த் 1938-ல் எழுதிய கட்டுரையைக் கட்டாயமாகப் படிக்க வைப்பார்கள். நகரம் என்றால் கூட்டம், நெருக்கம், வேற்றுமை. அங்கே மனிதர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக வாழ்வார்கள் என்று போகும். சிகாகோவுக்குச் சரியாக இருந்திருக்கலாம். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியும் அதைச் சுற்றிய நகர்ப்பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய ஆறரை லட்சம் பேர். இந்த அளவுள்ள நகரத்தில் முகம் மறைத்து வாழலாம், ஆனால் இரண்டு கேள்விவரைதான். சென்னையில் வீடு தேடும் நம் பிள்ளைகளிடம் பெயர், உணவு, சாமி படம், பேச்சு என்று சுற்றிவளைத்துத்தான் சாதியைத் துழாவுகிறார்கள். அங்கே யாருக்கும் நம் கிராமத்தின் வரைபடம் தெரியாது. பாண்டியில் தெரியும். எல்லாருக்கும் பாகூரில் ஒரு சம்பந்தி, வில்லியனூரில் ஒரு மச்சான், மண்ணாடிப்பட்டில் ஒரு குத்தகை நிலம் இருக்கும். இருபது கிலோமீட்டருக்குள் எங்கே ஒளிவது?

இந்த நகரம் பிறந்ததே கோடு போட்டுத்தான். சுற்றுலா வருகிறவர்கள் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று படித்துவிட்டு, மஞ்சள் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மேற்குப் பக்கம் உள்ளே போட்ட கோடுகளை யாரும் படம் எடுப்பதில்லை. செட்டித் தெரு, வெள்ளாளத் தெரு, வைசியாள் தெரு என்று பெயர்ப் பலகையிலேயே சாதி நிற்கிறது. சம்பா கோயிலுக்குள் பறையர்களையும் மற்றக் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் திரண்டுபோய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள் என்றும் சுவர் இடிக்கப்பட்டது என்றும் ஆனந்தரங்கப் பிள்ளையின் 1745-ம் ஆண்டு நாட்குறிப்பு சொல்கிறது. சாதிக் கிறிஸ்தவர்கள் அதற்காகக் கொதித்ததையும் சொல்கிறது. எழுதியவர் நம் பக்கத்து ஆள் இல்லை, ஆகவே சாட்சியம் நம்பகமானது. பிரெஞ்சுப் புரட்சி நடப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே நம் பாட்டன் பூட்டன்கள் இந்த ஊரில் சமத்துவம் கேட்டிருக்கிறார்கள். இதைக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்வெட்டாக வைக்கலாம். வைக்க மாட்டார்கள்.

பிறகு ஏன் பாண்டிக்குப் போனோம்?

எங்களில் ஒருவரின் அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. பாகூர் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்பது வருடம் நடவு, களை, அறுப்பு என்று உழைத்தவர். ஒருநாள் தெருவோரம் நாங்களும் அவரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் வந்த ஊர்ப் பையன் ஒருவன், பத்தாவது படிக்கிறவன், அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நாளைக்கு வந்துடு" என்றான். அப்பா "சரிங்க" என்றார். அவன் போன பிறகு எங்களைப் பார்க்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதே அப்பா பாண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மருந்துக்கடையில் ஒரு பையன், "சார், பாக்கி சில்லறை" என்று கூப்பிட்டுக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து இரண்டு முறை சொன்னார். சார்னு கூப்பிட்டான், சார்னு கூப்பிட்டான் என்று. நகரத்தின் நன்மைகளைப் பட்டியல் போடச் சொன்னால், அந்த இரண்டெழுத்தைத்தான் முதலில் எழுதுவோம்.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றிப் பேசியதை நம் தோழர்கள் எல்லாரும் அறிவார்கள். கிராமத்தை அறியாமையின், குறுகிய புத்தியின் குகை என்றே சொன்னார். அதை வைத்து 'கிராமத்தை விட்டு வெளியேறு' என்று நாம் சுருக்கிவிடுகிறோம். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்டோர் மாநாட்டில், இந்துக் கிராமங்களிலிருந்து பிரிந்த தனிக் குடியிருப்புகளும் அவற்றுக்கு நிலமும் வேண்டும் என்று தீர்மானம் போட்டதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. வெறுங்கையோடு நகரத்துக்குப் போ என்று அவர் சொல்லவில்லை. எல்லைக்கு அந்தப்பக்கம் கடலூர் மாவட்டத்தில் பஞ்சமி நில மீட்பு என்று போராட ஒரு பிடியாவது இருக்கிறது. அந்த நிலம் 1892-ல் சென்னை மாகாண அரசு கொடுத்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நமக்கு அந்தப் பிடியும் இல்லை. ஒரு வரப்பு தாண்டினால் வேறு வரலாறு.

நிலத்துக்குப் பதிலாக நம்மவர்களுக்குக் கிடைத்தது ஆலை. ரோடியர் மில் என்று பெரியவர்கள் சொன்ன ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மூன்றும் பாண்டியில் இருந்தன. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்து, எட்டு மணி நேர வேலையைப் பெற்ற ஊர் இது. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் ஷிப்டுக்குப் போன எங்கள் மாமா ஒருவர், கூலியை நெல்லாக அளந்து வாங்காமல் மாதச் சம்பளமாக எண்ணி வாங்கிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில். அவர் சட்டைப் பையில் பேனா இருக்கும். எழுத அவருக்கு அதிகம் தெரியாது. 2020-ல் ஏ.எஃப்.டி. மூடப்பட்டது. இப்போது அதே தெருப் பிள்ளைகள் சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் ஒப்பந்தக் கூலிகள். பாண்டிக்குள் வந்தால் விடுதிகளில் ஹவுஸ்கீப்பிங், மருத்துவமனைகளில் ஹவுஸ்கீப்பிங், அப்பார்ட்மெண்ட்டுகளில் ஹவுஸ்கீப்பிங். பெயர் இங்கிலீஷில் மாறியிருக்கிறது. துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் மாறியதும் மாறாததும் தெரியும்.

நகரம் தன் கழிவை எங்கே அனுப்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 11 அன்று ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறி மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். ஊரே அதிர்ந்தது, அதிர வேண்டியதுதான். அந்தக் குழிக்குள் இறங்கும் ஆட்களுக்கு அந்த வாயு தினசரிச் செய்தி. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்த பிறகும் அவர்களைப் பற்றி ஊர் அதிர்ந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஜிப்மரைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவர்களாகிவிடுவோம். நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து கோரிமேடு போக கால் மணி நேரம். பேட்டிலேயே இருந்திருந்தால், யாரிடம் வண்டி இருக்கிறது என்று கேட்டுத் திரட்டவே அரைமணி ஆகியிருக்கும். ரோமன் ரோலன் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தாகூர் கலைக் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி, காலாப்பட்டு பல்கலைக்கழகம் என்று நம் பெண்கள் டவுன் பஸ்ஸிலேயே முதுகலைவரை படித்துவிடலாம். எங்களில் ஒருவர் அப்படித்தான் படித்தார். விடுதிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தால் பன்னிரண்டாவதோடு கல்யாணம்தான்.

செயல்பாட்டாளர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நம் மாவட்டம் சிறியது. பாகூரில் காலையில் ஒரு வன்கொடுமை நடந்தால், பகல் பன்னிரண்டுக்கு கலெக்டர் அலுவலகத்தில் நிற்கலாம், மாலையில் பத்திரிகையாளர்களைப் பார்க்கலாம், ராத்திரி பாதிக்கப்பட்டவர் வீட்டில் தங்கலாம். பெரிய மாவட்டங்களில் வேலை செய்யும் தோழர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். வீட்டுக்காரர் நம் தெருவைக் கண்டுபிடிக்கிற அதே சுருக்கமான தூரம்தான் அதிகாரியை நாம் கண்டுபிடிக்கவும் உதவுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

இழந்ததைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் சின்ன விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி. பத்தாவது வீட்டுக்காரர் எதையும் கேட்கவில்லை, ஆனால் முதல் மாதமே "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா" என்று அவர் மனைவி விசாரித்தார். கோழி, மீன் என்றோம். அது முழு உண்மையில்லை. அன்றிலிருந்து ஞாயிறு காலை பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறோம். ஏழு வருடமாகச் சொந்த அடுப்பில் சொந்தச் சாப்பாடு இல்லை. எங்கள் மகளுக்கு ஆறு வயது. ஒருநாள் மாடிப்படியில் நின்று, "பாட்டி வீட்ல சாப்ட்டதை இங்க சொல்லக்கூடாது, இல்லம்மா?" என்று கேட்டாள். நாங்கள் அவளிடம் எப்போதும் அப்படிச் சொன்னதில்லை. எங்கிருந்து கற்றுக்கொண்டாள் என்று இருவரும் அன்று ராத்திரி தூங்கவில்லை. சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிற பாடம் என்றால், வீடே பாடம் நடத்துகிறது என்று அர்த்தம்.

பேட்டில் அவளுக்கு ஐந்து அத்தை, நான்கு பெரியம்மா. காய்ச்சல் என்றால் கஷாயம் மூன்று வீட்டிலிருந்து வரும். பாண்டியில் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டுக்குள் தண்ணீர். இரண்டு நாளில் செய்திச் சேனல்கள் நகரம் மீள்கிறது என்றன. அப்போதுதான் சாத்தனூர் அணை திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிப் பாகூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. நகரம் மீண்ட நாளில்தான் எங்கள் கிராமங்கள் மூழ்கின. அப்பா போனில், "ஒண்ணுமில்ல, நீங்க வராதீங்க" என்றார். பின்னால் ஆட்களின் சத்தம், ஆடு கத்தும் சத்தம். நாங்கள் மொட்டைமாடியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் அரிசி மூட்டையோடு போய்ச் சேர்ந்தபோது, பேட் இளைஞர்கள் இரண்டு நாளாகத் தூங்காமல் கிழவிகளை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒரு தம்பி, "வாங்க, டவுன் ஆளுங்க" என்றான். கிண்டல்தான். ஆனால் வலித்தது.

ஓட்டு மட்டும் இன்னும் அங்கேதான் வைத்திருக்கிறோம். புதுச்சேரி மாவட்டத்தின் தனித்தொகுதிகள் ஏம்பலம், நெட்டப்பாக்கம், ஊசுடு, திருபுவனை. நான்கும் கிராமப்புறம். நகரத்துக்குள் ஒன்றுகூட இல்லை. உள்ளாட்சியிலாவது குரல் இருக்குமா என்றால், 38 ஆண்டுகள் கழித்து 2006-ல் நடந்த தேர்தலோடு நின்றுவிட்டது. 2011-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு கொம்யூன் பஞ்சாயத்தும் நகராட்சியும் ஒன்றுபோல அதிகாரிகள் கையில். இந்த ஒரு விஷயத்தில் ஊருக்கும் நகரத்துக்கும் முழுச் சமத்துவம்.

ஆகவே தங்கையே, உனக்கு எங்கள் பதில் இவ்வளவுதான்: மரியாதைக்காகப் போனோம், பாதி கிடைத்தது. மீதிப் பாதிக்காகத் திரும்புவதா, இன்னும் தள்ளிப் போவதா என்று எங்களுக்கே பிடிபடவில்லை. பேட்டுக்கே திரும்பிவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொல்கிறார். மகளை யாராவது ஒருநாள் பேர் சொல்லி, "நாளைக்கு வந்துடு" என்று கூப்பிடுவதை நான் கேட்கத் தயாராக இல்லை என்கிறார் மற்றவர். இந்தச் சண்டை எங்கள் வீட்டில் ஒரு வருடமாக நடக்கிறது.

இப்போதைக்கு, இரண்டு பேருக்கும் பாதி பாதியாக, வில்லியனூரைத் தாண்டி ஒரு மனைப் பிரிவில் ஆயிரம் சதுர அடி இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். போன வருடம்வரை மணிலா போட்ட நிலம். இன்னும் வரப்பு தெரிகிறது. "எல்லாரும் கலந்துதான் சார் வாங்கியிருக்காங்க" என்றார் புரோக்கர். கலந்து என்று அவர் எதைச் சொன்னார் என்று எங்களுக்குப் புரிந்தது, அவருக்கும் எங்களை யாரென்று புரிந்திருந்தது.

போன ஞாயிறு இடத்தைப் பார்க்கப் போனோம். பக்கத்து மனைக்காரர் கல் நட்டுக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்றார். பாகூர்ப் பக்கம் என்று கிராமத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் அடுத்ததைக் கேட்பதற்கு முன் நாங்களே, "பேட்" என்றோம். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, போர் எத்தனை அடி போடப்போறீங்க என்று கேட்டார். இன்னும் மேஸ்திரியிடம் கேட்கவில்லை என்றோம்.